அறுந்த தமனியும் ஆயிரம் பதிவுகளும்

தொடைத் தமனியைக் குண்டு அறுத்துவிட்டால் அதன் முனையை நூலால் இறுகக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்திவிடலாம். உயிர் பிழைக்கும், கால் பிழைக்குமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு ஏற்பட்ட 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோனி என்ற இரு மருத்துவர்கள் 1946இல் ஆராய்ந்தார்கள். தமனியைக் கட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உறுப்பை இழந்திருந்தார்கள். தைத்துச் சீரமைக்கப்பட்டவை வெறும் 81.

தைக்கத் தெரியாமல் இல்லை. இரத்தக்குழாய்களைத் தைக்கும் முறைக்காக அலெக்சிஸ் கரேல் 1912இலேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். நேரம்தான் கிடைக்கவில்லை. இரத்தம் எட்டாத தசை சுமார் ஆறு மணி நேரத்தில் மடியத் தொடங்கும். கொரியப் போரில் ஹெலிகாப்டர்கள் காயமடைந்தவர்களை விரைவாகக் கொண்டுவந்தன. நேரத்தோடு தமனியைத் தைக்க முடிந்ததால் கைகால் இழப்பு 13 சதவீதமாகக் குறைந்தது.

சீரமைப்பு எப்படி நடக்கிறது? தமனியின் உட்சுவர் வழவழப்பாக இருக்கும்வரைதான் இரத்தம் உறையாமல் ஓடும். கிழிந்த உட்சுவர் ஓட்டத்துக்குள் சுருண்டு நின்றால் அங்கேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே நைந்த பகுதியை நல்ல சுவர் தெரியும்வரை வெட்டி எடுக்கிறார்கள். நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, உறைந்த கட்டிகளை இழுத்து வெளியேற்றுகிறார்கள். முனைகள் ஒன்றையொன்று எட்டாவிட்டால், காயம்படாத காலிலிருந்து சிரையின் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயின்) ஒரு துண்டை எடுத்து இடையில் தைக்கிறார்கள். சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் உண்டு. தலைகீழாகத் திருப்பி வைக்காவிட்டால் அவையே இரத்தத்தை மறித்துவிடும். ஓட்டம் திரும்பியதும் தசை வீங்கும். அதைச் சுற்றிய உறை இளகாதது. உறையைக் கீறித் திறக்கத் தவறினால் பழுதுபார்த்த வேலை வீண்.

போர்முனை அறுவை மருத்துவருக்கு வேறொரு சிக்கல்: தைத்த காலைச் சில நாட்கள்தான் பார்ப்பார், பிறகு நோயாளியை விமானம் ஏற்றிவிடுவார்கள். வியட்நாம் போரின்போது அங்கே அன் கே என்ற ஊரின் மருத்துவமனையில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் நார்மன் ரிச், 1966இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு இரத்தக்குழாய்க் காயத்தையும் பதிந்து, அந்த வீரரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே நோக்கம். அலுப்பூட்டும் எழுத்தர் வேலைதான். அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு அதுவே என்பது என் எண்ணம்.

அந்தப் பதிவேட்டை வைத்து 1970இல் வெளியான ஆயிரம் தமனிக் காயங்களின் ஆய்வில், உறுப்பிழப்பு கொரியாவில் இருந்ததைப் போலவே சுமார் 13 சதவீதம். திறமை வளரவில்லையா? வளர்ந்தது. முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்களும் இப்போது உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அதிவேகக் குண்டுகள் தசையையும் சேர்த்துச் சிதைத்தன. முழங்காலுக்குப் பின்னுள்ள தமனிக் காயங்களில் இழப்பு சுமார் 30 சதவீதம்; தமனி அடைபட்டால் இரத்தத்தைச் சுற்றுவழியில் கொண்டுசெல்லும் கிளைக்குழாய்கள் அங்கே போதாது.

சிரை விஷயத்தில் ஒரு பழைய அச்சமும் கலைந்தது. தைத்த சிரையில் இரத்தம் உறைந்து, அந்த உறைவு நுரையீரலுக்குப் போய்விடும் என்று பயந்து, காயம்பட்ட சிரையைத் தைக்காமல் நூலால் கட்டிவிடுவதே வழக்கமாக இருந்தது. பதிவேட்டில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. முழங்காலின் பின்னுள்ள சிரையையும் சீரமையுங்கள், வடிகால் அடைபட்டால் உள்ளே வரும் இரத்தமும் தேங்கும் என்று ரிச் வாதிட்டார். பின்னர் ராணுவ மருத்துவர்களை உருவாக்கும் பெத்தெஸ்டா நகரப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவத் துறையின் முதல் தலைவராகி, இதையே பாடமாகவும் நடத்தினார்.