'எத்தனை மாசம்னாலும் உள்ளேயே வச்சிருங்க மேடம்'

கத்திரி வெயிலில் மகன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்றபோதுதான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. பையனுக்கு 22 வயது, உணவு டெலிவரி வேலை. (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முழங்கை மடிப்பில் வரிசையாக ஊசிப் புள்ளிகள். டேபெண்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றியிருக்கிறான். கூட வந்த தாய்மாமன் உட்காரக்கூட இல்லை. "எத்தனை மாசம்னாலும் உள்ளேயே வச்சிருங்க மேடம். வெளிய வந்ததும் ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாயிடுவான்."

போதை மீட்புப் பிரிவில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு இந்த இரண்டு வாக்கியமும் மனப்பாடம். கால்கட்டு விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: யார் வீட்டுப் பெண்ணையோ மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. 'உள்ளே வைப்பது' பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

வார்டில் நடப்பது உடம்பைத் தெளியவைக்கும் வேலை. இந்த வகை மாத்திரையை நிறுத்திய அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப்போக்கும் கால் குடைச்சலும் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். முகம் தெளிந்து, சாப்பாடு இறங்கியதும் 'குணமாயிட்டான்' என்று வீட்டார் மூட்டை கட்டுகிறார்கள். மனசுக்குள் இருக்கும் ஏக்கம் அடங்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்கள் வீட்டில்தான் கழியப்போகின்றன.

மது நோயாளிகளின் மனைவிமார் அடிக்கடி கேட்பது இது: "மாலை போட்டா 48 நாள் தொடாம இருக்காரே, அப்ப இது திமிருதானே?" நான் திருப்பிக் கேட்பேன்: அந்த 48 நாளும் வீட்டில் என்ன நடந்தது? விடிகாலையில் எழுப்பிவிட்டீர்கள். சமையலை மாற்றினீர்கள். சின்னப் பிள்ளைகூட 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிட்டது. மாலையில் பஜனை இருந்தது, பழைய கூட்டாளிகள் தள்ளி நின்றார்கள். மாலையைக் கழற்றிய அன்று இது அத்தனையும் சேர்ந்தே கழன்றது. வீட்டோடு கூடிய சிகிச்சை என்று நாங்கள் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். மாலை இல்லாமலும், 48-ஐத் தாண்டியும்.

ஆனால் பக்தியும் பாசமும் மட்டும் போதாது, முக்கியமாக ஊசிப் பழக்கத்தில். சில வாரம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து, முன்பு போட்ட அதே அளவை ஒருமுறை ஏற்றினாலே மூச்சு நின்றுபோகலாம். மாதக்கணக்கில் பூட்டிவைத்துவிட்டுத் தொடர் சிகிச்சை இல்லாமல் திறந்துவிடுவதை நான் எதிர்ப்பதற்கு இதுதான் காரணம். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாக, உதடு நீலமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 'போதையில தூங்குறான்' என்று விட்டுவிடாதீர்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை மருத்துவர் எழுதியதும் மாமன் கொதித்தார்: "ஒரு மாத்திரைய விட இன்னொரு மாத்திரையா?" நியாயமான கேள்விதான். இது மெதுவாக வேலை செய்து நீண்ட நேரம் நிற்பது. ஏக்கத்தை அடக்கும், பழைய கிறக்கத்தைத் தராது, வேலைக்குப் போகவிடும். எப்போது குறைப்பது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டார் தாமாக நிறுத்தினால் மறுபடி ஆரம்பத்துக்கே போவோம். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தியிருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி சோதனைகளையும் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவிடம் நான் கேட்டது மூன்று விஷயம். கடன்காரன் வாசலுக்கு வந்தால் நகையை அடகு வைத்து அடைக்காதீர்கள். மகன் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கையைப் பிடித்துப் பார்க்காதீர்கள். தவறினால் சொல்லலாம், சொன்னால் வீட்டில் ரகளை இருக்காது என்ற நம்பிக்கையை அவனுக்குக் கொடுங்கள். மூன்றாவதைக் கேட்டுத்தான் அவர் அழுதார். அவருக்கும் தூக்கம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, குடும்பத்தாருக்கென்றே தனிச் சிகிச்சைத் திட்டம் நடத்துவது சும்மா இல்லை.

தனியார் இல்லத்தில் சேர்ப்பதானால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சங்கிலியால் கட்டிவைப்பதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மூன்று மாதம் முகத்தையே காட்டமாட்டோம் என்கிற இடத்தில் என் பிள்ளையை நான் விடமாட்டேன். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 அல்லது 14416 எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

அந்தப் பையன் வீட்டுக்குப் போய் ஏழாவது வாரம் காலையில் அம்மா போன் செய்தார். "முந்தாநேத்து ரெண்டு மாத்திரை போட்டுட்டேன்னு அவனே சொல்றான் மேடம். என்ன பண்ணட்டும்?"

"இப்ப என்ன பண்றான்?"

"இட்லி சாப்பிடுறான்."

"சாப்பிட்டதும் கூட்டிட்டு வாங்கம்மா."

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் அரைக்கைச் சட்டையோடு அவனே நின்றுகொண்டிருந்தான். மாமன், இந்தத் தடவை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.