பேஷண்டுக்குப் புரியற மாதிரி பேச, முதல்ல வாத்தியாருக்கு டிரெய்னிங் குடுங்க

கம்யூனிட்டி மெடிசின் வைவால (வாய்மொழித் தேர்வு) ஓஆர்எஸ், அதான் வயித்துப்போக்குக்குக் குடுக்கற உப்பு-சர்க்கரைப் பவுடர், பத்தி கேட்டா எம்பிபிஎஸ் பசங்க கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க, சோடியம் 75, குளுக்கோஸ் 75, ஆஸ்மொலாரிட்டி 245ன்னு. அதே பசங்க வார்டுல ஒரு அம்மா கையில பாக்கெட்டைக் குடுக்கும்போது "தண்ணில கலக்கிக் குடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடறாங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, மொத்தத்தையும் ஒரு டம்ளர்ல கொட்டிட்டா குழந்தை உடம்புல உப்பு ஏறிடும், அது ஆபத்து. கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வச்சுக்கவும் கூடாது. இதைச் சொல்லிட்டா மட்டும் பத்தாது, "வீட்டுல எந்தப் பாத்திரத்துல எப்படிக் கலக்குவீங்க, சொல்லுங்க பாப்போம்"னு கேக்கணும், டீச் பேக்னு சொல்றது இதைத்தான். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையத்தான் ஆட்டுவாங்க, வெள்ளை கோட்டு முன்னாடி புரியலைன்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்?

இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. சான் ஃபிரான்சிஸ்கோல சுகர் பேஷண்டுங்களை வச்சு டீன் ஷில்லிங்கர்ங்கற டாக்டரோட குழு 2003ல வெளியிட்ட ஆய்வுல, டாக்டருங்க புதுசா சொன்ன விஷயங்கள்ல 12 சதவீதத்துக்குத்தான் பேஷண்டுக்குப் புரிஞ்சுதான்னு சரிபாத்திருக்காங்க. அப்படிப் பாத்தவங்களோட பேஷண்டுங்களுக்கு சுகர் கன்ட்ரோலும் நல்லா இருந்திருக்கு.

பசங்களைத் திட்டி பிரயோஜனம் இல்லைங்க. 2019 பேட்ச்லேர்ந்து எம்பிபிஎஸ்ல ஏட்காம்னு (மனப்பான்மை, மருத்துவ நெறி, பேச்சுத் திறன்) ஒரு பாடம் வந்தாச்சு, பேஷண்ட்கிட்ட பேசறதுக்குன்னே கிளாஸ் இருக்கு, ஆனா அங்க ரோல் பிளே பண்ணிட்டு மறுநாள் ரவுண்ட்ஸ் போனா புரொபசர் பேஷண்ட் முகத்தைக்கூட பாக்காம இங்கிலீஷ்லயே கேஸ் பேசி முடிச்சிட்டா பசங்க எதைக் கத்துக்குவாங்க? அதனாலதான் டிரெய்னிங் முதல்ல வாத்தியாருங்க எங்களுக்கு வேணும்னு சொல்றேன், நர்சிங் டியூட்டர், ஃபார்மசி வாத்தியார் எல்லாரையும் சேத்து, ஏன்னா டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரையை விளக்கறது பெரும்பாலும் சிஸ்டர்தான்.

பிபிடி போட்டு லெக்சர் எடுத்தா வேலைக்கு ஆகாது. வாத்தியார் நிஜ பேஷண்ட்கிட்ட பேசணும், கூட வேலை பாக்கற இன்னொருத்தர் பக்கத்துல நின்னு குறிச்சுக்கணும், எத்தனை மெடிக்கல் வார்த்தை வந்துச்சு, ஒரே மூச்சுல எத்தனை விஷயத்தைக் கொட்டினாங்க, திருப்பிச் சொல்ல வச்சாங்களான்னு. அப்புறம் மாணவர் பேசும்போது எதைக் கவனிக்கறது, ஃபீட்பேக் எப்படிக் குடுக்கறதுன்னு பழகணும்.

இன்னொண்ணு, மார்க் இல்லாததை யாரும் சீரியஸா எடுக்க மாட்டாங்க. ஓஸ்கில, அதான் ஸ்டேஷன் ஸ்டேஷனாப் போய் செஞ்சு காட்டற பிராக்டிகல் பரீட்சைல, இதுக்கு ஒரு ஸ்டேஷன் கண்டிப்பா வைங்க. இன்ஹேலர்னா, மாணவர் அழகா விளக்கினதுக்கு மார்க் போடாதீங்க, பேஷண்டா உக்காந்திருக்கறவர் அதைக் கேட்டுட்டு குலுக்கி, மூச்சை வெளிய விட்டு, இழுக்கும்போதே அழுத்தி, 10 செகண்ட் அடக்கிக் காட்டினாத்தான் மார்க்.