பைப் போட்டா சேஃப்னு யாருங்க சொன்னது?

மறுபடியும் அதே கேஸ். வேற டீம் அனுப்புன டேட்டா ஃபைல், அதுல ஒரு ஃபீல்டையும் அடுத்ததையும் பிரிக்க கமாவுக்குப் பதிலா பைப் (| குறி) போட்டிருக்காங்க. அதை லோடு பண்ணுன டேபிள்ல போன் நம்பர் காலம்ல (column) ஊர்ப்பேரு, தொகை காலம்ல தேதி. தேடிப் பாத்தா யாரோ முகவரில "மாடி | பின்பக்கம்"னு டைப் பண்ணிருக்காங்க, அந்த ரோ அப்படியே ஒரு கட்டம் தள்ளிப்போச்சு. அனுப்புன டீமைக் கேட்டா "கமா பிரச்சனைன்னுதான் சார் பைப்புக்கு மாத்துனோம்"ங்கறாங்க.

டேட்டால வரவே வராத கேரக்டர்னு ஒண்ணு கிடையாதுங்க. மனுஷன் கையால டைப் பண்ற ஃபீல்டு ஒண்ணு இருந்தாலும் அதுல எது வேணாலும் வரும். கமா முகவரில வரும், செமிகோலன் ரிமார்க்ஸ்ல வரும், டேப் காப்பி பேஸ்ட்டோட கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டு வரும். உடனே "அப்ப ரெண்டு பைப் போட்டுடலாமா"னு ஒரு புத்திசாலி கேப்பாரு. ஃபீல்டே ஒரு பைப்ல முடிஞ்சா மூணு பைப் வரிசையா நிக்கும், எங்க வெட்டுவீங்க? பாதி டூல் ஒத்தை கேரக்டருக்கு மேல ஏத்துக்கவே ஏத்துக்காது, அது தனிக்கதை.

ஆஸ்கில (எழுத்துக்கெல்லாம் நம்பர் கொடுத்து வச்சிருக்கற ஸ்டாண்டர்டு) இதுக்குன்னே 28லேர்ந்து 31 வரை நாலு கேரக்டர் ஒதுக்கி வச்சிருக்காங்க, 31 ஃபீல்டு பிரிக்க, 30 ரோ பிரிக்க. ரெண்டு புரோகிராம் தங்களுக்குள்ள பேசிக்கிற ஃபைல்னா தாராளமா போடுங்க, எனக்கும் பிடிக்கும். ஆனா மனுஷன் எடிட்டர்ல திறக்கற ஃபைலுக்குச் சரிப்படாது. அந்தக் கேரக்டரே டேட்டாக்குள்ள வந்துச்சுன்னா எழுதும்போதே எரர் அடிக்கணும்.

உண்மையில காப்பாத்தறது டெலிமிட்டர் (பிரிக்கற குறி) இல்ல, கோட் பண்ற (மேற்கோள் குறிக்குள்ள போடற) ரூல்தான். சிஎஸ்வி, அதாவது கமா போட்டுப் பிரிக்கற ஃபைல் எப்படி இருக்கணும்னு சொல்ற ஆவணம், 2005ல வந்த ஆர்எஃப்சி 4180 பாருங்க: ஃபீல்டுக்குள்ள கமா, டபுள் கோட், புதுவரி எது இருந்தாலும் மொத்த ஃபீல்டையும் டபுள் கோட்டுக்குள்ள போடு, உள்ள கோட் இருந்தா அதை ரெண்டாக்கு. அவ்ளோதான், கமாவே போதும். ஆனா நம்மாளுங்க எழுதும்போது கோட் பண்ணாம பிளஸ் போட்டு ஒட்டுவாங்க, படிக்கும்போது கமா வர்ற இடத்துலெல்லாம் ஸ்பிளிட் போட்டு வெட்டுவாங்க, அப்புறம் பழி கமா மேல.

தயவுசெஞ்சு இந்த ரூல் தெரிஞ்ச ரெடிமேட் லைப்ரரி யூஸ் பண்ணுங்க, எழுதறதுக்கும் படிக்கறதுக்கும். வரிக்கணக்கை ரோ கணக்குன்னு நம்பாதீங்க, ஃபீல்டுக்குள்ள புதுவரி இருக்கலாம். லோடு பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரோவுலயும் காலம் எண்ணிக்கை செக் பண்ணுங்க, உதைக்கற ரோவைத் தனி ஃபைல்ல போடுங்க, சத்தமில்லாம ஸ்கிப் பண்ணாதீங்க. டெலிமிட்டர், கோட், என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கற முறை), நல்லுக்கு (null, மதிப்பே இல்லாத ஃபீல்டுக்கு) என்ன போடுறோம், எல்லாம் ஸ்பெக்ல எழுதுங்க. தசமத்துக்குக் கமா போடற நாட்டு செட்டிங்ல எக்ஸெல் சிஎஸ்வியைச் செமிகோலன் போட்டுத்தான் சேவ் பண்ணும், நீங்க கமான்னு வாயால சொன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் "கிளீனிங்"னு சொல்லி கஸ்டமர் முகவரில இருக்கற கமாவையெல்லாம் தூக்கிப்போடறவங்களுக்கு: அது அவங்க டேட்டா, கை வைக்காதீங்க.