அந்தக் குழாய் யாருடையது?

“இது எங்கள் செலவா, நகர மன்றத்தின் செலவா?” சிங்கப்பூரில் கழிவறை அடைத்துக்கொண்டது என்று என்னை அழைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளனான என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. குழாய் எங்கே தொங்குகிறது என்று பார்க்காதீர்கள். யார் வீட்டுக் கழிவு அதில் போகிறது என்று பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் தலைக்கு மேலே தெரியும் கிளைக்குழாய் மேல்வீட்டுக்காரருடையது. அது ஒழுகினால் பழுதுபார்க்க வேண்டியவர் அவர். ஆனால் வேலை நடப்பது உங்கள் வீட்டில் என்பதால் கதவைத் திறந்துவிட வேண்டியவர் நீங்கள். (அண்டைவீட்டு நட்பு முறிவதும் இங்கேதான்.) கான்கிரீட் தளத்திலேயே கசிவு என்றால் இரு வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். எல்லா மாடிகளுக்கும் பொதுவாகச் செங்குத்தாக இறங்கும் பெரிய குழாய், பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. அதன் அடிப்பகுதி அடைத்தால் முதலில் அவதிப்படுவது கீழ்மாடிக்காரர்கள். நீங்கள் ஒரு சொட்டு நீரும் புழங்காதபோது தரைத் துவாரத்தில் கழிவு பொங்குகிறதா? எனக்குக் கூலி கொடுக்காதீர்கள், நகர மன்றத்தை அழையுங்கள். கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடுகளில் பொதுக் குழாய்களைக் கவனிப்பது அங்குள்ள வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம்.

சொந்த நிலத்தோடு நிற்கும் தரைவீடுகளில்தான் குழப்பம் அதிகம். வீட்டுக் கழிவுநீர் பொதுக் குழாயை நோக்கிப் போகுமுன் ஆய்வுத் தொட்டிகளைக் கடக்கும்; குழாயைத் திறந்து பார்க்க மூடியோடு தரைக்கு அடியில் இருப்பவை அவை. அடைப்பு வந்தால் நான் முதலில் திறப்பது வரிசையில் கடைசியாக, பொதுக் குழாய்க்கு முன்னால் இருக்கும் தொட்டியின் மூடியைத்தான். உள்ளே நீர் தேங்காமல் இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், செலவு உரிமையாளருக்கு. நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். தேசிய நீர் முகவையான பியுபியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாய்களைப் பராமரிப்பது அவர்கள்தான். சில வீடுகளின் பின்கட்டுக்கு அடியிலேயே பொதுக் குழாய் ஓடும். நிலம் உங்களுடையது, குழாய் உங்களுடையதல்ல. அதன்மேல் சமையலறையை நீட்டிக் கட்ட நினைத்தால் முதலில் பியுபியின் அனுமதி தேவை.

கூரை மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிடுவதும் கூடாது. சிங்கப்பூரில் மழைநீருக்கு வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய். இரண்டும் கலந்தால் அடைமழையன்று குழாய் தாங்காது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள் என்றும் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது ஆய்வுத் தொட்டியின் மூடி அசிங்கமாக இருக்கிறதென்று அதன்மேல் கல் பதித்துவிடுகிறார்கள். பிறகு உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. தரைக்கல்லையே மேலே பதித்துத் தூக்கித் திறக்கும் மூடிகள் கிடைக்கின்றன. ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.