பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றிப் பார்த்தீர்களா?

2022 செப்டம்பர் முதல் வாரம் பெங்களூரில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். வெளிவட்டச் சாலைப் பக்கம் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். சர்ஜாபுர சாலை அருகே பேக்கிங் சாமான் வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் முழங்காலளவு தண்ணீர். மேசைக்கடியில் இருந்த சர்வர் மூழ்கிவிட்டது. பதினோரு பேரின் ஃபைல்கள், காலண்டர், கொள்முதல் ஆர்டர் எல்லாம் அதில் ஓடிய நெக்ஸ்ட்கிளவுடில்தான் இருந்தன; சொந்த சர்வரிலேயே ஃபைல்களை வைத்துப் பகிர உதவும் மென்பொருள் அது.

"பேக்கப் அல்சூர் வீட்டுல பத்திரமா இருக்கு தம்பி" என்றார். எனக்கு உயிர் வந்தது. "சாயங்காலத்துக்குள்ள ஏத்திடலாம் அண்ணாச்சி" என்று சொன்னேன். மூன்று நாள் ஆனது.

ஃபைல்களும் டேட்டாபேஸ் டம்ப்பும் (டேட்டாபேஸின் நகல்) இருந்தன. அமைப்புகளைக் குறித்து வைக்கும் கான்ஃபிக் ஃபைல் இல்லை. சர்வரின் ரகசியச் சாவியும் அடையாளமும் அந்தச் சின்ன ஃபைலில்தான் இருக்கின்றன. புதிதாக நிறுவினால் நெக்ஸ்ட்கிளவுட் புதுச் சாவி போட்டுக்கொள்ளும். பழைய சாவியால் பூட்டி வைத்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, வெளி ஸ்டோரேஜின் பாஸ்வேர்ட், போன்களில் இருந்த லாகின் எதுவும் அதற்குத் திறக்காது. பதினோரு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து மறுபடி செட் செய்தோம். உங்கள் பேக்கப்பில் அந்த ஃபைல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நிறுவும்போது பழைய வெர்ஷனையே நிறுவுங்கள். அப்டேட் எல்லாம் அப்புறம்.

அடுத்து, 'கொள்முதல்' ஃபோல்டர் திறக்கவில்லை. டிஸ்கில் கண்ணெதிரே இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது. அரை நாள் தேடினேன். பேக்கப்பை வீட்டிலிருந்த பழைய மேக் ஒன்றில் போட்டு வைத்திருந்தார்கள். பழைய மேக் ஃபைல் சிஸ்டம் 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு குறியீடாக எழுதும். டேட்டாபேஸிலோ அது சேர்ந்த ஒரே குறியீடு. பார்க்க ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு பெயர். 'மோகன்', 'கௌரி' என்ற பெயர்களுக்கும் இதே கதி. பெயர்களை யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் லினக்ஸ் கருவியை ஓட்டியதும் எல்லாம் வந்துவிட்டன. தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஃபைல்களின் உரிமையாளரும் மாறிப்போயிருந்தார். லினக்ஸ் ஃபைலின் உரிமையாளரைப் பயனர் எண்ணாகத்தான் குறித்து வைக்கும்; வெப் சர்வரின் அந்த எண் லினக்ஸ் வகைக்கு வகை மாறும், உபுண்டுவில் 33, சென்ட்ஓஎஸ்ஸில் 48. ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கடைசிப் படி. எங்களிடம் இருந்தது வியாழக்கிழமை இரவு பேக்கப். வெள்ளி, சனி இரண்டு நாள் வேலையும் ஊழியர்களின் லேப்டாப்பில் மட்டும்தான். சர்வரை அப்படியே திறந்திருந்தால் என்ன ஆகும்? லேப்டாப்பையும் சர்வரையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க் மென்பொருள், "வெள்ளிக்கிழமை ஏற்றிய ஃபைல் சர்வரில் இல்லை, யாரோ அழித்திருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு லேப்டாப்பிலும் அழித்துவிடும். மிச்சமிருந்த ஒரே பிரதியும் போய்விடும். இதைத் தடுக்கவே நெக்ஸ்ட்கிளவுடில் டேட்டா ஃபிங்கர்பிரின்ட் என்றொரு கட்டளை இருக்கிறது. யாரும் நுழையாதபடி சர்வரை மூடி வைக்கும் மெயின்டனன்ஸ் மோடை எடுப்பதற்கு முன் அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டால், சர்வர் பேக்கப்பிலிருந்து மீண்டிருக்கிறது என்று லேப்டாப்புகளுக்குத் தெரிந்துவிடும். புதிய ஃபைல்களில் கைவைக்காது. அன்று இதை ஓட்டும்வரை யாரையும் லேப்டாப்பைத் திறக்க விடவில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்சூர் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் முழுவதையும் ஏற்றிப் பார்க்கிறோம். இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்வோம். இல்லையென்றால் அந்தச் சோதனை சர்வரும் எல்லோருக்கும் நினைவூட்டல் மெயில் அனுப்பத் தொடங்கிவிடும். போன தடவை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் திறந்தது 'கொள்முதல்' ஃபோல்டரைத்தான்.