ஜப்பான் கேம் பெட்டியைச் சுவரில் குத்துவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் திருத்தக் கொண்டுவரப்படும் பழைய ஜப்பான் கேம் கொன்சோல்களில் கணிசமானவை பழசாகிப் பழுதானவை அல்ல. ஜப்பானில் ஒழுங்காக ஓடிய சாமான், இங்கே பார்சல் உடைத்த அன்றே, சுவிச்சைப் போட்ட கையோடு எரிந்திருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். எங்கள் சுவரில் இருப்பது 230. ஜப்பான் அம்பிளிபயர் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட வீடுகளுக்கு இது தெரியும். ஆனால் கேம் பெட்டி என்று வந்தால் அதை விளையாட்டுச் சாமானாகவே பார்க்கிறோம், மின்சாதனமாகப் பார்ப்பதில்லை.

மிக மோசமான பொறி, அடப்டர் வெளியே தெரியாத கொன்சோல்கள். 1994இல் வந்த சேகா சற்றேர்ன், அதே ஆண்டு வந்த முதல் பிளேஸ்ரேஷன், 1998இன் ட்ரீம்காஸ்ற், 2000இன் தடித்த பிளேஸ்ரேஷன் 2 ஆகிய நான்குக்கும் மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தில் இருப்பது எட்டு வடிவத் துவாரம். எங்கள் வீட்டு ரேடியோ கசெற் பிளேயரின் வயர் அதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று குத்தினால் கதை முடிந்தது. 100 வோல்ற் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 141 வோல்ற்தான் என்பதால், ஜப்பான் மின்வழங்கியின் முதல் பெரிய கப்பாசிற்றர் பொதுவாக 200 வோல்ற் தாங்குவதாகவே இருக்கும். 230 வோல்ற்றின் உச்சம் 325. கப்பாசிற்றர் வெடிக்கும், பியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் சுவிச்சிங் ரான்சிஸ்ரரும் சேர்ந்து போகும். பியூசை மட்டும் மாற்றித் திரும்பக் குத்துகிறவர்கள் இரண்டாவது தடவையும் அதே சத்தத்தைத்தான் கேட்பார்கள்.

ஆகவே முதல் வேலை, பெட்டியின் அடியிலோ அடப்டரின் முதுகிலோ உள்ள ஸ்ரிக்கரை வாசிப்பது. எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் இலக்கங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. உள்ளீட்டு வரியில் 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். நின்டென்டோ சுவிச்சின் அடப்டர் இந்த வகை. வெறும் 100 என்று இருந்தால் பிளக் மாற்றியால் எந்தப் பயனும் இல்லை. அது இரண்டு தட்டைக் கம்பியைப் பதின்மூன்று அம்பியர் சொக்கற்றுக்குள் நுழைய வைக்கும், வோல்ற்றைத் தொடவே தொடாது. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் சாமானிலும் இதே கவனம் வேண்டும், அங்கே 120 வோல்ற். லண்டனிலிருந்து வருவது எங்கள் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும்.

உள்ளே மின்வழங்கி உள்ள கொன்சோலுக்கு ஸ்ரெப்டவுன் ரான்ஸ்போமர் வேண்டும். வெளியீடு 100 வோல்ற் என்று எழுதியதைத் தேடுங்கள். கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது 110. அதுவும் பெரும்பாலும் ஓடும், சூடு சற்றுக் கூடும். தடித்த பிளேஸ்ரேஷன் 2 ஏறத்தாழ 50 வாற் இழுக்கும், மற்றவை அதைவிடக் குறைவு. 100 விஏ (வோல்ற் அம்பியர்) அளவுள்ள ரான்ஸ்போமர் ஒரு கொன்சோலுக்குத் தாராளம். கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது இரும்பும் செம்புக் கம்பியும். முடி உலர்த்திக்கென்று விற்கும் இலேசான இலத்திரனியல் மாற்றிகள் மின் அலையை வெட்டித்தான் குறைக்கின்றன. அவற்றைக் கேம் பெட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். இன்னொன்று: மின்சாரம் போய்த் திரும்பும்போது முதல் சில விநாடிகள் ஏற்ற இறக்கம் இருக்கலாம். கரண்ட் போனவுடன் ரான்ஸ்போமரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவதே நல்லது.

அடப்டர் வெளியே உள்ள கொன்சோல்களுக்கு ரான்ஸ்போமரே தேவையில்லை. ஜப்பான் அடப்டரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இங்கே கிடைக்கும் 230 வோல்ற் சுவிச்சிங் அடப்டர் ஒன்றை வாங்கினால் போதும். ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு, அதில்தான் கன பேர் விழுகிறார்கள். 1983இன் பமிகொம், 1990இன் சுப்பர் பமிகொம் இரண்டுக்கும் நின்டென்டோ கொடுத்தது 10 வோல்ற், 850 மில்லி அம்பியர், நடுமுனை எதிர். அதாவது பிளக்கின் உட்பக்கத் துளை மைனஸ், வெளி உறை பிளஸ். வீட்டில் கிடக்கும் வைபை ரவுட்டர் அடப்டரில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். பிளக்கின் அளவு இரண்டுக்கும் 5.5 இற்கு 2.1 மில்லிமீற்றர், அதனால் தடையில்லாமல் உள்ளே போகும். முனை மாறினால் உள்ளே இருக்கும் 7805 சீராக்கியும் (வரும் வோல்ற்றை 5 ஆகக் குறைக்கும் சிப்) அதன் அருகிலுள்ள கப்பாசிற்றரும் சேதப்படலாம். ரவுட்டர் அடப்டர் 12 வோல்ற் என்றால், முனையைச் சரிசெய்து கொடுத்தாலும் சூட்டுக்குத் தப்ப முடியாது. அரை அம்பியர் இழுக்கும்போது 9 வோல்ற்றில் சீராக்கி 2 வாற் சூட்டை வெளியேற்றும், 12 வோல்ற்றில் அதுவே 3.5 வாற்.

வாங்க வேண்டியது 9 வோல்ற், 1 அம்பியர் அல்லது அதற்கு மேல், நடுமுனை எதிர். சேகாவின் முதல் மெகா டிரைவுக்கும் அதே வோல்ற், அதே முனைதான், ஆனால் 1.2 அம்பியருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது மெகா டிரைவில் சேகா எல்லாவற்றையும் திருப்பிவிட்டது: 10 வோல்ற், நடுமுனை பிளஸ், பிளக்கும் சின்னது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை சேகரிப்பவர்கள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பமிகொமுக்குப் பதிலாக அமெரிக்கா, கனடாவில் விற்ற நின்டென்டோ பெட்டியின் (என்இஎஸ்) அடப்டர் இன்னும் ஆபத்தானது. அது வெளியே விடுவது 9 வோல்ற் மாறுமின்னோட்டம். அந்த இயந்திரத்துக்குள் அதை நேராக்கும் பாலம் இருக்கிறது, பமிகொமுக்குள் இல்லை. பிளக்கோ ஒன்றேதான்.

மல்ரிமீற்றர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. நேர்மின்னோட்ட 20 வோல்ற் நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உறையிலும் பிடியுங்கள். மைனஸ் குறியோடு இலக்கம் வந்தால் நடுமுனை எதிர். இலக்கமே வராமல் ஆடினால் மாறுமின்னோட்ட நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே இலக்கம் வந்தால் அந்த அடப்டரைத் தள்ளி வையுங்கள். பழைய பாரமான அடப்டரில் சுமையில்லாமல் அளந்தால் எழுதியதைவிடப் பல வோல்ற் கூடக் காட்டும், அது பழுதல்ல. மல்ரிமீற்றர் இல்லாதவர்கள் அடப்டரின் முதுகில் உள்ள வட்டப் படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியைத் தொடுகிறதோ அதுதான் நடுமுனை.

மின்சாரம் சரிவந்த பின் அடுத்த முறைப்பாடு, படம் வரவில்லை என்பது. ஆரம்பகாலப் பமிகொமில் அன்ரெனா வெளியீடு மட்டுமே உண்டு. அது பயன்படுத்தும் ஜப்பானின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகள் 91.25, 97.25 மெகாஹேட்ஸில் விழுகின்றன, எங்கள் எப்எம் வானொலி இருக்கும் இடம். இங்குள்ள ரிவி அந்தப் பக்கம் தேடுவதே இல்லை. தேடிப் பிடித்தாலும் ஒலி கிடைக்காது. ஜப்பானில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹேட்ஸ், எங்கள் முறையில் 5.5. படத்தையும் ஒலியையும் தனித்தனி வயரில் கொடுக்கும் ஏவி வெளியீடு பொருத்துவதுதான் வழி: ஒரு ரான்சிஸ்ரர், சில ரெசிஸ்ரர், ஒரு கப்பாசிற்றர். வாங்கும்போதே 1993இல் வந்த ஏவி பமிகொமைத் தெரிவுசெய்தால் இந்தச் சிக்கலே இல்லை, சுப்பர் பமிகொமின் ஏவி வயரே அதற்கும் பொருந்தும்.

ஏவி வயரில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் ரிவியின் நிற முறையை, ஜப்பான் பயன்படுத்தும் என்ரிஎஸ்சி 3.58 என்று கையால் மாற்றுங்கள். மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகள் பழைய கேம்களின் 240 வரிப் படத்தை 480 பின்னல் படமாக (ஒன்றுவிட்ட வரிகளை மாறி மாறி வரையும் படம்) எடுத்துக்கொள்வதால், ஓடும் உருவத்தின் விளிம்பு மினுங்கும், கைக்கும் திரைக்கும் இடையில் தாமதமும் வரும். திரையைக் குறிவைத்துச் சுடும் ஒளித் துப்பாக்கி வாங்குகிறவர்கள் ஒன்றை முதலே தெரிந்துகொள்ள வேண்டும்: அது பழைய ட்யூப் ரிவியில் மட்டுமே வேலை செய்யும். அம்மம்மா வீட்டில் மூலையில் கிடக்கும் ரிவியை இரும்புக்காரனுக்குப் போடவேண்டாம். அதன் பின்மூடியை நீங்களே திறக்கவும் வேண்டாம், கழற்றி வைத்த பிறகும் ட்யூபில் உயர் வோல்ற் தங்கியிருக்கும்.

இனி பற்றறி. சுப்பர் பமிகொம் கசெற்றுகளில் சேமிப்பைப் பிடித்து வைத்திருப்பது சிஆர்2032 நாணயப் பற்றறி. 1999இல் வந்த போக்கிமொன் கோல்ட், சில்வரில் சிஆர்2025. அது செத்தால் சேமிப்பும் போகும், கடிகாரமும் நிற்கும். 2002இன் ரூபி, சபையரில் சிஆர்1616. இதில் பற்றறி கடிகாரத்துக்கு மட்டும், சேமிப்பு வேறு சிப்பில் இருப்பதால் பற்றறி செத்தாலும் விளையாட்டு அழியாது. இந்த வித்தியாசம் தெரியாமல், செத்த ரூபியைக் குப்பை என்று அரைவிலைக்கு விற்கிறவர்கள் உண்டு. மாற்றும்போது தகடு ஒட்டிய பற்றறியே வாங்குங்கள். வெறும் பற்றறியில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். ட்ரீம்காஸ்ற்றில் உள்ளது சார்ஜ் ஏறும் எம்எல் வகை. அந்த இடத்தில் சாதாரண சிஆர்2032 ஐ அப்படியே ஒட்டினால், சார்ஜ் ஏறக்கூடாத பற்றறிக்குச் சார்ஜ் ஏறும். அது ஆபத்து.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த நாணயப் பற்றறிகளை மேசையில் விட்டுப் போகாதீர்கள். விழுங்கிய பற்றறி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடும். செத்த பற்றறிக்கும் அந்த வலு இருக்கும். வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல் நேரே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. கழற்றிய பற்றறியின் இரு பக்கமும் ரேப் ஒட்டியே எறிய வேண்டும்.

கேம் போயில் பழைய அல்கலைன் பற்றறியை உள்ளேயே விட்டு அனுப்பியிருந்தால், ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். அது காரம். வினாகிரி தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பொருக்குக் கரைந்ததும் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் அற்ககோலால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். தேசிக்காய் வேண்டாம், பிசுபிசுப்பு மிஞ்சும். கசெற்றின் செம்புப் பற்களுக்கும் அதே அற்ககோல்தான். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் பற்களில் படிந்து அரிக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அதை நாங்களும் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

கேம் பெட்டிகளோடு பலர் சேர்த்து வாங்கும் ஜப்பான் அனிமே உருவப் பொம்மைகளுக்கு மின்சாரத்தைவிட எங்கள் வெய்யில்தான் எதிரி. நென்டொறொயிட், பிக்மா போன்றவை பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள், மூடிய பெட்டிக்குள் சூட்டில் மெல்ல வெளியேறி மேற்பரப்பில் பசைபோல நிற்கும். கை ஒட்டினால் போலி என்று நினைக்க வேண்டாம். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவி, நிழலில் காயவிட்டால் போகும். சீற் கூரைக்கு நேர் கீழே உள்ள அலுமாரியில் வைத்தால் ஒற்றைக் காலில் நிற்கும் உருவங்கள் சித்திரை, வைகாசியில் சாயத் தொடங்கும். அதே இளக்கப் பொருள் கொன்ரோலர் வயரிலும் இருக்கிறது. வயரைக் கொன்சோலைச் சுற்றிக் கட்டி மாதக்கணக்கில் வைத்தால், மூடியின் பிளாஸ்ரிக்கில் அது பள்ளம் பதித்துவிடும். வயரைத் தனியாகச் சுருட்டி, இடையில் கடதாசி வையுங்கள். அட்டைப்பெட்டிகளை நிலத்தில் அடுக்காமல் தட்டில் வைத்தால் கறையானிடமிருந்து தப்பும். கார்த்திகை, மார்கழி மழைக்கு முன் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை அடுப்பில் இலேசாகச் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

மஞ்சளான மூடியை ஹைதரசன் பெரொக்சைட் பூசி வெய்யிலில் வைத்து வெளுக்கும் முறையை இங்கே செய்பவர்கள் நேரத்தைக் குறைக்க வேண்டும். குளிர்நாட்டு வீடியோவில் சொல்லும் நேரத்தை எங்கள் மதிய வெய்யிலுக்கு அப்படியே எடுத்தால் பசை காய்ந்து வரிவரியாகப் படியும், மெல்லிய மூடி வளையும். காலை வெய்யிலில், மேலே பிளாஸ்ரிக் தாள் மூடி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டிப் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

வாங்கும் இடத்தில் ஒரு விடயம். ஜப்பான் விற்பனையாளர் 'ஜங்கு' என்று போட்டால், வேலை செய்யுமென்ற உத்தரவாதமும் திருப்பி எடுக்கும் பேச்சும் இல்லை. சில வேளை அது சோதிக்கப்படாத நல்ல சாமான், சில வேளை பெல்ற் உருகிப் பிசினான 1986இன் டிஸ்க் சிஸ்ரம் (பமிகொமில் பொருத்தும் டிஸ்க் ஓட்டி). கேம் போய் அட்வான்ஸ் போக்கிமொன் கசெற்றில் போலி மலிந்து கிடக்கிறது. கீழ்விளிம்பில் பற்களுக்கு மேலே பலகையில் நின்டென்டோ பெயர் தெரிகிறதா, லேபிளில் இரண்டு இலக்கம் அழுத்திப் பதிந்திருக்கிறதா என்று கிட்டவாகப் படம் கேளுங்கள். விலை பேசும்போது தபால் செலவையும் கணக்கில் சேருங்கள். சுங்கம் தீர்வையைக் கணக்கிடுவது சாமான் விலையோடு காப்புறுதியும் அனுப்பும் கூலியும் சேர்ந்த தொகையில்தான். பாரமான ஜப்பான் அடப்டரை எப்படியும் இங்கே பாவிக்கப் போவதில்லை. அதை விட்டுவிட்டு அனுப்பச் சொன்னால் பார்சலின் நிறையும் குறையும்.