பல்லி எச்சமும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை

உதட்டோரத்தில் கடுகு கடுகாய் நாலைந்து நீர்க்கொப்புளங்கள். அப்பத்தாவைக் கேட்டால் ராத்திரி பல்லி எச்சம் பட்டிருக்கும் என்பார். டீக்கடையில் உடம்புச் சூடு என்பார்கள். கல்யாணம் பேசிவைத்த பிள்ளைகளோ பால்வினை நோயோ என்று பயந்து மாஸ்க் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, பெரியவர்கள் கொஞ்சிய முத்தத்தோடு வந்துவிடும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதே தெரியாது. நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்குத்தான் உதட்டில் கிளம்பும். இளவயதில் அடிக்கடி வரும், 35 தாண்டினால் பொதுவாகக் குறையும். இதற்காகச் சம்பந்தத்தை நிறுத்துவதெல்லாம் வீண்.

முதல் தொற்று ஆறினாலும் வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில் படுத்துக் கிடக்கும். காய்ச்சல், தூக்கக்கேடு, மாதவிடாய், பரீட்சைப் பதற்றம் எல்லாம் அதை எழுப்பும். நம் கரையில் முதல் குற்றவாளி வெயில். நாட்டுப்படகில் போகிறவர்களும், பாசி எடுக்கும் பெண்களும், உப்பளத்தில் நிற்பவர்களும் தலையில் துண்டு கட்டியிருந்தாலும், தண்ணீரிலும் உப்பிலும் பட்ட வெயில் கீழிருந்து உதட்டில் அடிக்கிறது. வாஸலின் அதைத் தடுக்காது. வெயிலைத் தடுக்கும், எஸ்பிஎஃப் 30 என்று போட்ட லிப் பாம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முகம் கழுவினால் உடனே.

மருந்து வேலை செய்யும் நேரம் ரொம்பக் குறைவு. கொப்புளம் வருமுன், அரை நாளோ ஒரு நாளோ, அதே இடத்தில் சுருசுருவென்று குத்தும், அரிக்கும். அப்போதே தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வைரஸை அடக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரை 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால், டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அசைக்ளோவிர் 5 சதவீத களிம்பை நாளுக்கு ஐந்து முறை தடவலாம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், அரை நாளோ ஒரு நாளோதான் சீக்கிரம் ஆறும். பொருக்குத் தட்டிய பிறகு எதைத் தடவினாலும் காசுதான் போகும். அது 7 முதல் 10 நாளில் தானே உதிரும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு புண்ணைப் பரப்பும். சுண்ணாம்பு, பற்பசை, அக்கி எழுதும் காவி எல்லாம் உடைந்த கொப்புளத்தில் சீழ் பிடிக்க வைக்கும். வாய்க்குள் வரும் வெள்ளைப் புண்ணும், இரண்டு கடைவாயிலும் வரும் வெடிப்பும் வேறு. அவற்றுக்கு இந்த மருந்து கேட்காது.

பொருக்கு உதிரும்வரை டம்ளர், துண்டு, சவர பிளேடு தனி. கைக்குழந்தைக்கு முத்தம் கூடாது. பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு இது உயிருக்கே ஆபத்து. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் வந்தால், தினசரி சாப்பிடும் தடுப்பு மாத்திரை உண்டு.